சைக்காவின் பின்னால் தேவராஜ்

1998 பிப்ரவரி 11, புதன்

மாவு பொங்கவே இல்லை. குளிர் இன்னும் விடவில்லை. அப்படியும் சபாபதி அண்ணன் வந்து நாலு தோசை சாப்பிட்டார். பருப்பு மொத்த வியாபாரி, கோயில் கமிட்டித் தலைவர். பர்மாவில் எங்கள் லான்மடா வட்டாரத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் முதல் நாற்காலி அவருக்குத்தான். நாலாவது தோசையில்தான் விஷயத்துக்கு வந்தார்.

அவர் மச்சினன் மகன் அமெரிக்காவில் இருக்கிறானாம். அங்கே டூட்டியில் செத்துப்போன போலீஸ்காரர்களின் குடும்பத்துக்காகக் காருக்குத் தனி நம்பர் பலகை விற்கிறார்களாம். ஜனங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, பெருமையாக மாட்டிக்கொண்டு போவார்களாம். அதையே இங்கே என் வீட்டுக்காரர் தேவராஜ் பேரில் செய்யப்போகிறோம், கமிட்டிகூடப் போட்டாயிற்று என்றார்.

"கார் நம்பர்ல கை வெச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்கண்ணே" என்றேன்.

"காருக்கு யாரு வெச்சா? மிதிக்கிற சைக்கா ரிக்‌ஷாவுக்கு! சர்க்கார் நம்பர் அது பாட்டுக்கு இருக்கும், நம்ம பலகை தனி. வார்டு ஆபீஸ்ல பேசிட்டேன். போலீஸ்காரன் படம்னா எவன் வேண்டாம்பான்?"

என்னைக் கேட்டாங்களா? கேட்டாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் கேட்டாங்க.

வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மகள் கோமதிக்கு ஜூனில் பத்தாம் வகுப்பு. இந்த ஊரில் டியூஷன் இல்லாமல் பத்தாவது தேறினவள் யார்? என் தோசைக்கல் அத்தனை தூரம் இழுக்காது. மழையில் முக்கில் நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த மனுஷனை, நிற்காத லாரி ஒன்று அடித்துவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போலீஸ் குடியிருப்பைக் காலி பண்ணி இந்த நாலாவது மாடி அறைக்கு வந்தது முதல், நானும் அவளும் அரிசியை அளந்துதான் போடுகிறோம்.

"சரிண்ணே" என்றேன். அஞ்சாவது தோசையும் கேட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பலகையில் என்ன வரைவது என்று கமிட்டியில் அடிதடியாம். ஒருத்தர் மயில் என்றாராம். வேல் என்றாராம் இன்னொருத்தர். சைக்கா ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் பர்மாக்காரர்கள், மீதியில் பாதி சாயபுமார்கள், வேல் படத்தை எவன் மாட்டுவான்? கடைசியில், தேவராஜ் முகமே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. வெள்ளைத் தொப்பியோடு.

படம் கேட்டார்கள். இருப்பது ஒரே ஒரு நல்ல படம். அதில் தொப்பி இல்லை, கண்ணை வேறு இடுக்கிக்கொண்டு இருக்கிறார். கொடுத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று அந்தப் பெயிண்டர் வந்தார். சுப்பிரமணியம் என்று பேர், ஊரெல்லாம் மணி. பக்கத்து லத்தா வட்டாரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து லாரிக்கும் காருக்கும் நம்பர் எழுதுகிறவர். நாற்பத்தைந்து இருக்கும். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றேபோய்விட்டது என்று கனகாம்பாள் அக்கா சொல்லியிருக்கிறாள். (சபாபதி அண்ணன் சம்சாரம். இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாதது இனிமேல்தான் நடக்கணும்.)

நம்பர் எழுதுகிறவரிடம் முகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்! அவருக்கே பயமாகத்தான் இருந்தது. கையில் நான் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு கடை முன்னால் நின்றார்.

"கண்ணு ஏங்க இப்படி இருக்கு?"

"ஸ்டூடியோக்காரன் எவ்வளவு ஆகும்னு சொன்ன நேரத்துல புடிச்சது" என்றேன்.

சிரிக்கவில்லை. சீரியசாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப கண்ணைத் திறந்தே போட்டுடறேன்" என்றார். ஆள் ஒரு மாதிரி. காது மட்டும் முறம்.

மார்ச் 2, திங்கள்

முதல் பலகைகள் வந்துவிட்டன. வந்ததுமே ரகளை. சைக்காவில் ரெண்டு பேர் முதுகோடு முதுகாகத்தானே உட்காருவார்கள், அதில் பின் சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்துக்கு அடியில் மாட்டச் சொல்லியிருக்கிறார் சபாபதி அண்ணன். சைக்காக்காரர்கள் ஒரே குரலில் முடியாது என்றுவிட்டார்கள். செத்த மனுஷன் முகத்துக்கு மேலே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எவன் உட்காருவான்? கோ சோ என்கிற சைக்காக்காரர் என்னிடமே வந்து கைகூப்பி, "அக்கா, எனக்குப் பாவம் வேண்டாம்" என்றார் பர்மா மொழியில். அண்ணனுக்கு இது எப்படித் தோன்றாமல் போச்சோ! அமெரிக்காவில் காருக்குக் கால் கிடையாது போலிருக்கு.

இப்போது ஒரு கம்பி வைத்து, பின் சீட்டுக்காரர் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். எந்தச் சைக்காவில் யார் பின்னால் பார்த்து உட்கார்ந்து போனாலும், தலைக்கு மேலே ஒரு போலீஸ்காரர்.

மார்ச் 5, வியாழன்

உயிரோடு இருந்தபோது ஒரு முக்கில்தான் நிற்பார். இப்போது காய் வாங்கப் போனால் அவர். கோயிலுக்குப் போனால் வாசலில் அவர். அனோரத்தா தெருவில் மூன்று அவர் வரிசையாக நின்று ஆள் ஏற்றுகிறார். வீட்டுக்கு நேரத்தோடு வாங்கன்னு பதினாறு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், இப்பப் பாரு, எங்க திரும்பினாலும் வந்து நிக்கிறாரு.

சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது. நல்லாத்தான் வரைஞ்சிருக்கார் அந்த ஆள். கண் திறந்திருக்கிறது.

கோமதி ஒரு பலகையைக் கேட்டு வாங்கிவந்து சுவரில் மாட்டிவிட்டாள். காலையில் அதைப் பார்த்து, "அப்பா, போயிட்டு வர்றேன்" என்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

பலகை மாட்டினவர்களுக்கெல்லாம் என் கடையில் ஒரு வடை கூடுதலாக வேணுமாம். "உங்க வீட்டுக்காரரை நான்தானேக்கா சுமக்கிறேன்" என்கிறான் ஒருத்தன். மிதிக்கிறவன் நீ, சுமக்கிறது சைக்கா என்றேன். இருந்தாலும் வடை போட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தண்ணீர்த் திருவிழா. கடை இல்லை. ஊரெல்லாம் தேவராஜ் நனைந்துகொண்டு திரிகிறார். சளி பிடிக்கிற உடம்பு.

மே 19, செவ்வாய்

இரண்டாம் தவணைப் பலகைகள். கோ சோவின் சைக்காவில் புதுசு மாட்டியிருக்கிறது. தோசையைத் திருப்பிப் போட்டபடி நிமிர்ந்து பார்த்தேன். என்னமோ சரியில்லை. தொப்பி சரி. மீசை சரி. ஆனால் தொப்பி காது மேலே உட்கார்ந்திருக்கிறது, கொடி மேலே போட்ட துணி மாதிரி.

தேவராஜுக்கு ஏது இத்தனை பெரிய காது?

தோசை கருகிவிட்டது.

மே 21, வியாழன்

சாமான் வாங்கப் போன சாக்கில் லத்தா வழியாக வந்தேன். மாடிப்படிக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே மனுஷன் குனிந்து வரைந்துகொண்டிருக்கிறார். நான் கொடுத்த படம் துணியில் சுற்றி மேல் தட்டில் பத்திரமாக இருக்கிறது. கண்ணுக்கு நேரே இருப்பது சவரக் கண்ணாடி.

"எதைப் பாத்து வரையறீங்க?"

"கை பழகிடுச்சுங்க. படம் பெயிண்ட் பட்டு வீணாயிடுமேன்னு எடுத்து வெச்சுட்டேன்."

"காது?"

நிமிர்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முறக் காது ரெண்டும் சிவந்துபோச்சு. ஐயோ, அந்த ஆளுக்கு அதுவரைக்கும் தெரியவே இல்லை!

நான் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளைக்கப்புறம் இப்படிச் சிரிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

மழை விடாமல் ஊற்றுகிறது. மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிட்டிருக்கிற கயிற்று மணி அடித்தது. பேப்பர்காரன் என்று இழுத்தால், கயிற்று நுனிக் கிளிப்பில் ஒரு தகரப் பலகை. என் கடைக்கு. மேலே பர்மா எழுத்தில், கீழே தமிழில், "லதா தோசைக் கடை". ஓரத்தில் ஒரு தோசை. தோசை மட்டும் அச்சு அசலாக இருக்கிறது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். குடை இல்லாமல் மணி நின்றுகொண்டிருந்தார்.

"மேல வாங்களேன்" என்றேன்.

"இல்ல, லேட்டாயிடுச்சு" என்றார். காலை ஒன்பது மணி!

இது மூன்றாவது தடவை கயிற்றில் ஏதாவது வருகிறது. போன வாரம் பலாச்சுளை. கோமதி பர்மா மொழியில், "ஊ மணிக்கு மாடிப்படி ஏறத் தெரியாதா அமே?" என்றாள். (பர்மாக்காரப் பிள்ளைகள் மாதிரி இவளுக்கு அம்மா அமே, மாமா ஊ.) சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதனால் நானும் சிரித்தேன்.

ஜூலை 16, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

காலைக் கூட்டத்தில் கனகாம்பாள் அக்கா ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டுவிட்டாள். "ஏண்டி லதா, எங்க வாசல்ல நிக்கிற சைக்காவில பெயிண்டர் மணி எதுக்குடி போலீஸ் தொப்பி போட்டுக்கிட்டு இருக்கான்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று சைக்கா நிற்கிறது. மூன்றிலும் மணி. மூக்குகூட மாறிப்போயிருக்கிறது. தேவராஜ் என்று சொல்ல மீசை மட்டும்தான் பாக்கி. கோ சோ விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் வாயோரத்தில் வந்துவிட்டது, அதுதான் நான் செய்த தப்பு. சபாபதி அண்ணன் பார்த்துவிட்டார்.

சாயந்தரம் கோயிலில் கமிட்டி. மணியைக் கூப்பிட்டு நிற்கவைத்திருக்கிறார்கள். வேணும்னு செய்யலைங்க, கை அப்படி வருதுங்க என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

அப்புறம் அண்ணன் என்னிடம் வந்தார். "லதா, ஊரே உன்னைப் பாக்குது. பலகை வாங்கினவன் ஒவ்வொருத்தனும் தேவராஜ் சம்சாரத்துக்காக வாங்கினான். நாளைக்கு வேற மாதிரிப் பேச்சு வந்தா அவன் மனசு என்ன பாடுபடும்?"

அவன் மனசாம்! பலகைக்குக் காசு குடுத்தா என்னையும் சேத்து வாங்கினதா அர்த்தமாண்ணே? நான் என்ன, ஆணி அடிச்சு மாட்டுறதுக்கு இருக்கேனா? — இப்படியெல்லாம் கேட்கவில்லை. இங்கேதான் கேட்கிறேன். அங்கே, "தோசை வேணுமாண்ணே?" என்றேன்.

ஜூலை 17, வெள்ளி

ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கோமதி சுவர்ப் பலகைக்கு முன்னால் நின்றாள். "அமே, உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

நான் உலைக்கு அரிசியை அளந்துகொண்டிருந்தேன். பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தானே. அவளுக்குப் புரியாதா?

"என் அப்பா முகத்தை அழிச்சிட்டு அவர் முகத்தை வெச்சுட்டார்" என்றாள். இதைத் தமிழில் சொன்னாள். கோபம் முற்றினால்தான் இந்தப் பெண்ணுக்குத் தமிழ் வரும். "அவர் இந்தப் படி ஏறினா நான் இறங்கிடுவேன்."

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு அவர் வேணும். இவளும் வேணும். ரெண்டு பேரையும் எப்படி?

ஜூலை 20, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. பொய்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தேவராஜுக்கு இரண்டாவது திதி. கோயிலிலிருந்து வந்தபோது கயிற்று மணி அடித்தது. கிளிப்பில் துணிப்பை, அதற்குள் நான் கொடுத்த தேவராஜ் படம். எட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை. இனிமேல் பலகை வரைவதில்லை என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டாராம்.

படத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை. சின்னக் காது, தலையோடு ஒட்டினாற்போல். அது ஞாபகம் இருந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது, மயிர் முளைக்காத இடம். அதை மறந்தே போயிருந்தேன். பதினாறு வருஷம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோறு போட்டவள், மறந்துபோயிருக்கிறேன்.

மணியை என்ன குற்றம் சொல்வது? அவருக்காவது அந்த முகத்தோடு பழக்கமில்லை. எனக்கு?

நெஞ்சு வலிக்க அழுதேன். கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டாள். புருவத்து வெட்டை மறந்துட்டேண்டி என்றேன். அவள் படத்தைப் பார்க்காமலே சொன்னாள், "சைக்கிள்ல விழுந்தது. நான் பாலர் வகுப்புல இருந்தப்போ."

ஆகஸ்ட் 30, ஞாயிறு

தோசை விற்றேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஆற்றுக்கு அக்கரை த்வாண்டே ஊர்க்காரர் ஒருவர் கடையில் சொன்னார். அங்கே கால்வாயில் படகு கவிழ்ந்து, ஆட்களை இழுத்துப்போடக் குதித்த போலீஸ்காரர் திரும்பி வரவில்லையாம். சம்சாரம் மா தின், சின்னப் பெண். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கேட்டதிலிருந்து மாவு கரைக்கக் கை ஓடவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

கமிட்டிக்கு நானே போனேன். முதல் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னேன். "அண்ணே, எனக்குச் செஞ்சது போதும். என் கல்லும் கையும் இருக்கு, டியூஷனுக்கு நான் பாத்துக்கறேன். இனிமே பலகைல வர்றது த்வாண்டே மா தின்னுக்குப் போகட்டும்."

"ஏம்மா, திடீர்னு?"

"இன்னொண்ணும் இருக்கு. நான் தேவராஜ் சம்சாரமாவே இருக்கணும்னு யாரும் காசு குடுக்க வேண்டாம். கோமதி சரின்னா நான் மணியைக் கட்டிக்குவேன். அவர் இன்னும் கேக்கலை. அந்த ஆள் கேக்கறதுன்னா அடுத்த ஜென்மம் ஆயிடும், அதனால நானே கேப்பேன்."

அப்புறம் கனகாம்பாள் அக்கா உள்ளேயிருந்து, "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "த்வாண்டேக்கு நானே போயிட்டு வர்றேன்" என்றார். அந்த மனுஷனை இத்தனை கிண்டல் பண்ணி எழுதியிருக்கிறேன், நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்து கோமதியிடமும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். "நீ வேண்டாம்னா இல்லை" என்றேன். அவள் பாடப் புத்தகத்தை விட்டு நிமிரவில்லை.

அக்டோபர் 6, செவ்வாய்

விளக்குப் பண்டிகை. தெரு முழுக்க மெழுகுவர்த்தி. கோமதி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 30, வெள்ளி

கோமதி டியூஷனிலிருந்து நேரம் கழித்து வருகிறாள். நேற்றும், அதற்கு முன்னாலும். இன்று அவளுடைய பள்ளிக்கூடத்துப் பச்சைக் கைலியை, லோஞ்ஜியை, துவைக்க எடுத்தால், முழங்கால் பக்கம் கருப்பு எனாமல் பெயிண்ட்!

பள்ளிக்கூடத்தில் எனாமல் பெயிண்டில் என்ன பாடம்?

நவம்பர் 1, ஞாயிறு

கோமதி பின்னாலேயே போனேன். லத்தா மாடிப்படிக்கு அடியில் மணி தரையில். என் மகள் முக்காலியில், வாத்தியாரம்மா மாதிரி. மடியில் தேவராஜ் படம். சவரக் கண்ணாடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அவள்தான் திருப்பியிருக்க வேண்டும்.

"காது பெருசா இருக்கு, ஊ மணி. அழியுங்க."

"இதுவுமா?"

"அப்பா தோள்ல ஏறினா பிடிச்சுக்கக் காதே இருக்காது. முடியைப் பிடிச்சுப்பேன். கத்துவார். அவ்வளவு சின்னக் காது."

அந்த ஆள் துணியை எடுத்தார், மறுபேச்சில்லாமல் துடைத்தார், மறுபடி போட்டார். அவர் காலடியில் துடைத்த பலகைகள் குவிந்து கிடந்தன. அவள் விடுகிறாளா என்ன! புருவ வெட்டைத் தன் விரலாலேயே பெயிண்டில் இழுத்துக் காட்டினாள்.

நான் தூண் மறைவிலிருந்து அப்படியே திரும்பிவிட்டேன். பேய் மாதிரி வேகமாக நடந்தேன். தெருவில் யாரோ, "என்னக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டார்கள். முகத்தில் எழுதியிருந்தது போல.

நவம்பர் 8, ஞாயிறு

காலையில் கோமதி புத்தகத்தைப் பார்த்தபடியே, "அமே, ஊ மணிக்குப் படி ஏறத் தெரியலைன்னா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள்.

சாயந்தரம் நாலு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார். நான் கேட்டேன். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "சரிங்க" என்றார். இந்த ஆளோடு மிச்ச காலம் முழுக்கப் பேச வேண்டியதை நான்தான் பேசணும் போலிருக்கு. பரவாயில்லை, எனக்குப் பேசத்தான் பிடிக்கும்.

1999 பிப்ரவரி 5, வெள்ளி

தை வெள்ளி. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். அண்ணன்தான் முன்னால் நின்றார். த்வாண்டேயிலிருந்து மா தின் வந்திருந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. எங்களுக்கு ஒரு மண்பானை கொண்டுவந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பலகை போன மாதமே ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் காது சரியாக இருக்கிறதா என்று கோமதி அவளையே கேட்டுச் சரிபார்த்துவிட்டாள்.

திரும்ப வர கோ சோவின் சைக்கா. சாமந்திச் சரம் சுற்றி, கம்பியில் புதுப் பலகை. தேவராஜேதான். சின்னக் காது, புருவத்தில் வெட்டு. "இன்னிக்குப் பாத்துத்தான் இதைச் சரியா வரையணுமா நீங்க?" என்றேன் மணியிடம். "கோமதி இன்னிக்குத்தான் பாஸ் போட்டா" என்றார்.

நான் முன்னால் பார்த்து உட்கார்ந்தேன். அவர் என் முதுகோடு முதுகாகப் பின்னால் பார்த்து. உயரமான ஆள், பலகை இடிக்கும் என்று தலையைக் கொஞ்சம் குனிந்தே வந்தார். கோமதி பின்னாலேயே இன்னொரு சைக்காவில், முன் சீட்டில்.

அந்த முக்கு வந்தது. தேவராஜ் நின்ற முக்கு. இப்போது நிற்கிற பையன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை. பின்னால் கோமதியின் சைக்கா வந்து ஒட்டி நிற்கிற சத்தம். அவளுக்கு நேர் எதிரே மேலே பலகையில் ஒரு முகம், கீழே மணியின் முகம்.

அப்புறம் கத்தினாள், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, தமிழில்.

"அம்மா! ரெண்டு பேருக்கும் காது வேற வேறதான்மா!"

சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. மணிக்கு இன்னொரு தடவை காது சிவந்திருக்கும். நான் பார்க்கவில்லை, முதுகில் சூடு தெரிந்தது. போலீஸ்காரப் பையன் கையை இறக்கினான், நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நாளைக்குக் கடை உண்டு, மாவு ஆட்டணும்.